கீசரைத் தூக்கிப் போடுவதற்கு முன்...

பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்தது. இன்று அந்தப் பக்கம் பல வீடுகளில் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். அதைக் கீசரில் காய்ச்சினால் காயில் மேல் சுண்ணாம்பு படியும். காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒரு நாள் போய்விடும். உடனே ஒரு குரல் வரும்: "பழசுங்க, கரண்ட் நெறைய இழுக்கும், புதுசு எடுத்துருங்க!"

சுத்தப் பேத்தல். 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற சுமார் 0.9 யூனிட் வேண்டும். பழைய காயிலோ புதுக் காயிலோ, கணக்கு ஒன்றுதான். இயற்பியல் ஆடித் தள்ளுபடி தராது! ஸ்டார் ரேட்டிங் சொல்வது வேறு: வெந்நீர் தொட்டியில் சும்மா நிற்கும்போது வீணாகும் சூடு எவ்வளவு என்பது. குளிக்கும் முன் போட்டு உடனே அணைக்கும் வீட்டில் அந்த மிச்சம் சில்லறைக் காசு.

காயில், தெர்மோஸ்டாட், ஆனோடு கம்பி எல்லாமே மாற்றக்கூடியவை. உள்தொட்டியே ஓட்டையா? அப்போது தாராளமாகப் புதுசு வாங்குங்கள். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே இணையதளம் தொடங்கியது. உரிமை இருந்தும் யாரும் கேட்கவில்லை என்றால் கடைக்காரர் பாடு கொண்டாட்டம்தான்.

இன்னொன்று. புதுசுக்குள்ளும் அதே தண்ணீர்தான் போகும். வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பைச் சுரண்டாத வீட்டில் எந்தக் கீசரும் சீக்கிரமே பழசுதான்.