கள்ளத்தோணி

கடல் தாண்டி வருகிறவனைச் சோதிக்க வேண்டாமா என்கிறார்கள். சோதிக்கட்டும். ஆனால், சோதித்து அனுப்பியவனையே கள்ளன் என்று அழைத்த கதையும் உண்டே!

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர் இருட்டிலா போனார்கள்? அப்படிச் சிலர் போனதுண்டு. மற்றவர்களில் பலரை மண்டபம் முகாமில் இலங்கை அரசாங்கமே நிறுத்திவைத்து, நோய் பார்த்து, தலை எண்ணி, தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கிற்று. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? கிடைத்தது 'கள்ளத்தோணி' என்ற பெயர்தான்.

1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஆளைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். எங்கள் குலசேகரத்துக் கடைகளில் ரப்பர் ஷீட்டைக்கூடத் தரம் பார்த்துத்தான் நிறுக்கிறார்கள்! அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தாம் இந்த மலையடிவாரத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டக் குடியேறியவர்கள்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். பாஸ்போர்ட் உள்ளவன் போகலாம். 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்களுக்கு? 2019இன் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. நம் முகாமிலேயே பிறந்து முப்பதைத் தாண்டியவர்கள் பலரை இன்னும் அந்நியர் கணக்கில் வைத்திருக்கிறோமே, அவர்கள் எந்தத் துறையில், எந்தத் தோணியிலிருந்து இறங்கினார்கள்?