கீழ்த் தந்தியின் கதை

தேவிகுளத்துத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் டீக்கடைகளுக்கும் 1980களில் சினிமாப் பாட்டு வந்து சேர்ந்தது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் வழியாகத்தான். அதன் சின்ன ஸ்பீக்கர் வயலினைக் கொடுக்கும், புல்லாங்குழலைக் கொடுக்கும், எஸ். ஜானகியை ஏறக்குறைய முழுசாகவே கொடுத்துவிடும். பாஸ் கிதாரை மட்டும் அதனால் கொடுக்க முடியாது. பாஸ் கிதாரின் அடித் தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. உள்ளங்கை அகலத்துக் காகிதக் கூம்பு அத்தனை நிதானமாக, அத்தனை காற்றைத் தள்ளக்கூடியதல்ல. 200க்குக் கீழே இறங்கினாலே அது கை விரித்துவிடும்.

ஆனாலும் அந்தப் பாட்டுகளின் பாஸ் ஓட்டத்தைக் கேட்டவர்கள் கேட்டுத்தான் இருக்கிறார்கள். இது காது செய்கிற தந்திரம். 41 முறை அதிரும் தந்தி 82, 123, 164, 205 என்று மேல் அதிர்வுகளையும் சேர்த்தே எழுப்புகிறது. அடியில் இருப்பதை ஸ்பீக்கர் விழுங்கிவிட்டாலும், மேலே மிச்சமிருக்கும் அதிர்வுகளின் இடைவெளியை வைத்து மூளை கணக்குப் போட்டு, வராத ஸ்வரத்தை வந்ததாகவே காட்டிவிடும். ஒரு நிபந்தனை: மேல் அதிர்வுகள் தாராளமாக இருக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸை விரலால் மீட்டினால் அவை சீக்கிரம் அடங்கிப் போகும். அதனால் சின்ன ரேடியோவில் டபுள் பாஸ் அநேகமாக இல்லாத வாத்தியம்.

இதே சங்கடம் 1950களின் அமெரிக்காவிலும் இருந்தது. கார் ரேடியோவிலும் சமையலறை ரேடியோவிலும் பாட்டு விற்றாக வேண்டும், ஆனால் பாட்டின் அஸ்திவாரம் கேட்கவில்லை. இதற்குக் கிடைத்த மருந்துதான் ஆறு தந்தி பாஸ் கிதார்.

நியூஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ என்ற பெயரில் மலிவு விலைக் கிதார்கள் செய்துகொண்டிருந்த நேதன் டேனியல், 1956இல் யுபி-2 என்ற மாடலை வெளியிட்டார். ஏற்கெனவே 1951இல் ஃபெண்டர் கம்பெனி நாலு தந்தி வைத்த மின்சார பாஸ் கிதாரைக் கொண்டுவந்திருந்தது. டேனியல் செய்தது வேறு. சாதாரணக் கிதாரின் ஆறு தந்திகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மொத்தத்தையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். கிதார் வாசிக்கத் தெரிந்தவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, அதே விரல், அதே பிடி. வாத்தியத்தின் உடம்பில் விலையுயர்ந்த மரம் கிடையாது. சட்டத்தின் மேல் மர நாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகை. ஒலியை வாங்கும் காந்தச் சுருள்களை அவர் லிப்ஸ்டிக் குழாய் உறைகளில் அடைத்தார் என்பது பிரசித்தம். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். ஆனால் அந்தக் கலப்பிலிருந்து வந்த ஒலி, விலை உயர்ந்த வாத்தியங்களிலிருந்து வராத ஒலி.

நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோக்காரர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். டபுள் பாஸ்காரர் ஒரு ஸ்வரத்தை மீட்டும்போது அதே ஸ்வரத்தை ஆறு தந்தி பாஸில் ஒருவர் வில்லையால் தட்டுவார். உள்ளங்கையைத் தந்திமேல் லேசாக வைத்து அமுக்கியிருப்பதால் ஒலி நீளாது, 'டிக்' என்று வெட்டிக்கொண்டு நின்றுவிடும். இந்த முறைக்கே 'டிக் டாக் பாஸ்' என்று பெயர் வந்தது. 1961இல் பாட்ஸி கிளைன் பாடிய 'கிரேஸி' இதற்கு நல்ல உதாரணம். டபுள் பாஸ் வாசித்தவர் பாப் மூர், அதன் தோளில் ஏறி ஆறு தந்தியைத் தட்டியவர் ஹெரால்டு பிராட்லி. பெரிய ஸ்பீக்கரில் கேட்பவருக்கு மூரின் ஆழம் கிடைத்தது. சின்ன ரேடியோவில் கேட்பவருக்கு பிராட்லியின் 'டிக்' கிடைத்தது, ஆழத்தை அவர் காதே இட்டு நிரப்பிக்கொண்டது.

அதே 1961இல் ஃபெண்டரும் களத்தில் இறங்கி 'பாஸ் சிக்ஸ்' என்ற மாடலை விட்டது. மூன்று காந்தச் சுருள்கள், தந்திகளை நடுங்க வைக்கும் கைப்பிடி என்று எல்லா அலங்காரமும் உண்டு. 1963இல் தந்திகளை அமுக்குவதற்கு ஒரு நுரை மெத்தையும், அடிநாதத்தைக் குறைத்து ஒலியை மெலிதாக்க ஒரு சுவிட்சும் சேர்ந்தன. பாஸ் கிதாரில் அடிநாதத்தைக் குறைக்க ஒரு சுவிட்ச் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். டிக் டாக் வாசிப்பவருக்கு அது வேடிக்கையல்ல, தேவை.

அதன் ஒலி ஏன் அப்படி இருந்தது என்பதற்கு நீளமும் தடிமனும்தான் பதில். சாதாரண ஃபெண்டர் கிதாரில் அதிரும் தந்தியின் நீளம் இருபத்தைந்தரை அங்குலம், நாலு தந்தி பாஸில் 34. ஆறு தந்தி பாஸில் 30. தந்திகளும் பாஸுக்கு உரியதைவிட மெல்லியவை. குறைந்த நீளத்தில் மெல்லிய தந்தியை அவ்வளவு கீழான சுருதிக்கு இறக்கினால் தொய்வு வரும். அடித் தந்தி கொஞ்சம் தளதளக்கும், உறுமும். மேல் தந்திகளில் உலோகத்தின் மினுமினுப்பு. கிதாரும் அல்லாமல் பாஸும் அல்லாமல் நடுவில் ஒரு குரல், ஆண் குரல் உடையும் வயதில் இருக்குமே, அந்த மாதிரி.

இந்த நடுநிலைமையே அதற்கு எதிரியாகவும் ஆயிற்று. தந்திகளுக்கிடையே கிதாரின் இடைவெளிதான் என்பதால் பாஸ் வாசிப்பவர்களின் விரல்களுக்கு இடம் போதவில்லை. கிதார்காரர்களோ இதைத் தம் வாத்தியமாக நினைக்கவில்லை. ஆக, யாருக்கும் முதல் மனைவியாக இல்லாமல், ஸ்டூடியோவில் தேவைப்படும்போது மூலையிலிருந்து எடுக்கப்படும் வாத்தியமாக அது காலம் தள்ளியது. பீட்டில்ஸ் குழுவில் பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்துவிட்டால், லெனனோ ஹாரிசனோ பாஸ் சிக்ஸை எடுத்துக்கொள்வார்கள். 1968இல் கிளென் கேம்ப்பெல் 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டின் நடுவில் வாசித்த தனி ஆவர்த்தனம் மட்டும் விதிவிலக்கு. கரோல் கே என்ற பாஸ் கலைஞரின் டேன்எலெக்ட்ரோவை வாங்கி வாசித்தது அது. பாடகரின் குரலுக்கு அடுத்தபடியாக மனசில் நிற்பது அந்த ஒலிதான். ஆனாலும் விற்பனை ஏறவில்லை. 1975இல் ஃபெண்டர் பாஸ் சிக்ஸை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில்தான் ஆன்டனி ஜாக்சன் என்ற கலைஞர், கீழே இன்னும் ஒரு தடித்த தந்தியும் மேலே ஒரு மெல்லிய தந்தியும் சேர்த்து, அகலக் கழுத்துள்ள வேறொரு ஆறு தந்தி பாஸைச் சொல்லிச் செய்வித்தார். இன்று கச்சேரி மேடைகளில் காணும் ஆறு தந்தி பாஸ் ஜாக்சனின் வம்சம், டேனியலின் வம்சமல்ல.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிநாதம் தெரியாத ஊர்கள் இருக்கவில்லை. பாலக்காட்டை எடுத்துக்கொண்டால் அது மத்தளத்தின் தேசம். பெருவெம்பு கிராமத்தில் பலா மரத்தைக் குடைந்து மத்தளமும் மிருதங்கமும் செண்டையும் செய்கிறார்கள். பாலக்காடு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மிருதங்கத்தின் இடது தலையான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை அப்புவது சுருதியைக் கீழே இறக்கத்தான். பாலக்காடு மணி ஐயரின் (1912-1981) தொப்பிக்கு ரசிகர்கள் தனியாகவே உண்டு. உள்ளங்கை அழுத்தத்தால் அந்த நாதத்தை வளைத்து ஏற்றும் கும்கியும், பாஸ் கிதார்காரர் தந்திமேல் விரலை வழுக்கிக்கொண்டு போவதும் நெருங்கிய உறவு. மணி ஐயர் மைக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அந்தக் கால மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் தொப்பியை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்தால் அவர் பிடிவாதம் நியாயமாகவே தோன்றும்.

எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்ததும் இந்த ஜில்லாவில்தான், எலப்புள்ளியில், 1928இல். ராமமூர்த்தியுடன் சேர்ந்து அவர் இசையமைத்த காலத்தில் சென்னை ஸ்டூடியோக்களின் அடிநாதம் டபுள் பாஸ். பிறகு மெல்ல மெல்ல மின்சார பாஸ் கிதார் அந்த இடத்தைப் பிடித்தது. இந்தியாவில் அப்போது வெளிநாட்டு வாத்தியம் வாங்குவது லேசான காரியமல்ல. இறக்குமதிக் கெடுபிடி, தாளாத சுங்கவரி. வெளிநாடு போய் வருபவர்களின் தயவில் வந்ததும், கல்கத்தாவில் கிவ்சன் போன்ற கம்பெனிகள் செய்ததும்தான் கிதார்காரர்களுக்குக் கதி.

எல்லையில் இன்னும் தெற்கே கதை வேறு மாதிரி. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. 1958இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. நூலிழை மெஜாரிட்டியில் இருந்த இ.எம்.எஸ். அரசுக்கு அது மானப் பிரச்சினை. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத் தொழிலாளர்களிடம் தமிழில் பாடி ஓட்டுக் கேட்க மலையேறியவர், மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன். ரோசம்மா ஜெயித்தார். வரதராஜனின் கச்சேரிகளில் பின்னாளில் தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாடிய குழு அது. குழாய் ஸ்பீக்கர் என்பது அடிநாதத்தின் பரம விரோதி. மைல் கணக்கில் கேட்கும், ஆனால் தொண்டையும் மூக்கும்தான் கேட்கும், வயிறு கேட்காது.

அந்தத் தம்பிகளில் ஒருவரான ராசய்யா, 1960களின் கடைசியில் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே. வெங்கடேஷ், சலில் சௌத்ரி ஆகியோரின் குழுக்களில் கிதார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் இளையராஜா.

இளையராஜாவுக்கு முன்னால் தமிழ்ப் பாட்டில் பாஸ் இருந்தது, ஆனால் பெரும்பாலும் தாளத்துக்குத் துணையாக. பாட்டின் ஆதார ஸ்வரத்தை அடித்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இளையராஜா அதற்குத் தனியாக ஒரு மெட்டு எழுதினார். எல்லா வாத்தியக்காரருக்கும் ஸ்வரம் எழுதிக் கொடுக்கும் பழக்கமுள்ளவர் என்பதால் பாஸ்காரருக்கும் தாள் வந்தது. 'நிழல்கள்' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982), 'மௌன ராகம்' (1986) ஆகிய படங்களின் பாட்டுகளைக் கேட்டால், பாடகர் ஒரு வழியில் போக, பாஸ் எதிர்வழியில் ஏறி, நடுவில் சந்தித்து, மறுபடி பிரிவது தெரியும். பாஸ் மேல் தந்திகளுக்கு ஏறும் இடங்கள் நிறைய. இதில்தான் டிரான்சிஸ்டரின் விஷயம் வருகிறது. நாஷ்வில்காரர்கள் இன்னொரு வாத்தியத்தைச் சேர்த்துச் செய்ததை, பாஸை மெட்டாக எழுதியே இவர் சாதித்துவிட்டார். அடி ஸ்வரத்தில் தேங்கி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் வரியைச் சின்ன ஸ்பீக்கராலும் முழுசாக மறைக்க முடியவில்லை. ரேடியோவை மனசில் வைத்துத்தான் எழுதினார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருக்கு பாக் பிடிக்கும், பாக்கின் பாஸ் வரி சும்மா இருக்காது.

எழுதியவர் ஒருவர், வாசித்தவர் இன்னொருவர். பல ஆண்டுகள் இளையராஜாவுக்கு பாஸ் கிதார் வாசித்தவர் சசிதரன். பாடகர், வயலின் கோஷ்டி, தபேலா எல்லோரும் ஒரே மூச்சில் பதிவு செய்த காலம் அது. கடைசி சரணத்தில் ஒரு விரல் பிசகினால் எல்லோரும் பல்லவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படிப்பட்ட நெருக்கடியில், எழுதிய தாளில் உயிரை வரவழைத்தவரின் பெயர் இசைத்தட்டின் உறையில் இருக்காது. இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், அவ்வளவுதான். 1990களில் ஏ.ஆர். ரஹ்மானின் கேசட் உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயர் வர ஆரம்பித்தது. கீத் பீட்டர்ஸ் என்ற பாஸ் கலைஞரைப் பலரும் தெரிந்துகொண்டது அப்படித்தான். பம்பாய் ஸ்டூடியோக்களின் வாத்தியக்காரர்களைத் தேடிப் பேசி கிரகரி பூத் 2008இல் ஒரு புத்தகமே போட்டார். கோடம்பாக்கத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும், வாசித்தவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே.

ஆறு தந்தி பாஸ் மறுபடி கடைகளுக்கு வந்துவிட்டது. ஃபெண்டரின் துணை நிறுவனமான ஸ்கொயர் 2013இல் பாஸ் சிக்ஸை மலிவு விலையில் திரும்பக் கொண்டுவந்தது. 1960களின் அசல் வாத்தியங்களோ சேகரிப்பாளர்களிடம் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன, லிப்ஸ்டிக் குழாய் உட்பட. போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் இன்று காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு 41 அதிர்வும் பழுதில்லாமல் வந்து சேர்கிறது, அப்பா டிரான்சிஸ்டரில் பாதி கேட்டு மீதியை ஊகித்த பாஸ் வரி. பாட்டோடு செல்போன் திரையில் ஓடும் பெயர்கள் மட்டும் இன்னும் அதே மூன்றுதான்.