வேங்கைவயல்: டி.என்.ஏ. 'பொருந்துகிறது' என்று சொல்ல கணக்கு எதுக்கு?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. நீதிமன்ற உத்தரவுப்படி 31 பேருக்கு டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. யாருடையதும் தொட்டி மாதிரியோடு பொருந்தவில்லை.

'பொருந்தவில்லை' என்பது எளிது. மரபணுவின் சில இடங்களில் சிறு துணுக்குகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அது தெளிவாக வேறுபட்டால் ஆள் வேறு, அவ்வளவுதான்.

'பொருந்துகிறது' என்று சொல்லத்தான் கணக்கு வேணும். ஓர் இடம் ஒத்துப்போவது 10 பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்வோம். 20 இடம் ஒத்துப்போனால் 10-ஐ 20 முறை பெருக்கணும். உலக மக்கள்தொகையே அதுக்குப் பத்தாது. தண்ணீரில் ஊறிச் சிதைந்த மாதிரியில் 4 இடம்தான் தெரிகிறது என்றால்? 10 ஆயிரத்தில் ஒருவர். 2011 கணக்கெடுப்புப்படி 7.21 கோடி பேர் உள்ள தமிழ்நாட்டில் சுமார் 7,200 பேருக்குப் பொருந்திவிடும்! பலருடைய டி.என்.ஏ. கலந்திருந்தாலும், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஊர் என்றாலும் சிக்கல் இன்னும் கூடும்.

இன்னொன்று: கழிவு யாருடையது என்பதைத்தான் டி.என்.ஏ. சொல்லும். கொண்டுபோய்ப் போட்டது யார் என்று சொல்லாது. 2025 ஜனவரியில் 3 பேர் மீது சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகைக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டவை செல்போன் படங்களும் உரையாடல்களும். அதை வேங்கைவயல் மக்கள் ஏற்கவில்லை.