தேடிப் போவதும் தேடி வருவதும்

“போன் பாவிப்பதைக் குறையுங்கள்.” நமது உளவளத்துணை நிலையங்களில் மிக மலிவாகக் கிடைக்கும் அறிவுரை இது. நித்திரை வரவில்லை என்று வரும் தாய்க்கும் இதே வரி. படிப்பில் பின்தங்கிய தரம் பத்து மாணவனுக்கும் இதே வரி. கடலுக்குப் போக மனமில்லாமல் திண்ணையில் கிடக்கும் இளைஞனுக்கும் இதே வரி. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். அடுத்த அமர்வுக்கு வரும்போது பழக்கம் அப்படியே இருக்கும், குற்றவுணர்வு மட்டும் கூடியிருக்கும்.

இந்த அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்று பார்க்கச் சல்லியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளியைக் கடந்து போனால் சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலோரத்தில் கிடக்கும் கிராமம். முத்துமாரியம்மன் கோயிலால் மாவட்டம் முழுவதும் பெயர் தெரிந்த ஊர். மீன்பிடிதான் பிழைப்பு. 2004 டிசம்பர் 26இன் அலை இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை.

அங்கே ஒரு வீட்டுக் காலையை நினைத்துப் பாருங்கள். வள்ளம் விடியமுன் கரைக்கு வந்துவிட்டது, மீன் ஏற்றியாயிற்று, மனிதர் படுத்துவிட்டார். மனைவி போனை எடுக்கிறார். கட்டாரில் இருக்கும் மகனின் குரல் செய்தி: சாப்பிட்டேன், வேலைக்குப் போகிறேன், காசு வெள்ளிக்கிழமை போடுவேன். கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறார். நகரச் சந்தையில் பாரை என்ன விலை போகிறது என்று தங்கைக்கு ஒரு கேள்வி அனுப்புகிறார். பிறகு பெருவிரல் பக்கத்துச் செயலிக்கு நழுவுகிறது. ஒரு சமையல், ஒரு மாமியார் சண்டை, கனடாவில் யாருடையவோ பூப்புனித நீராட்டு விழா, ஒரு சாமியார், ஒரு வீதி விபத்து, திரும்பவும் சமையல். அடுப்பில் வைத்த உலைநீர் பாதி வற்றிவிட்டது. போனைக் கீழே வைக்கையில் மகன் என்ன சொன்னான் என்பது மங்கிவிடுகிறது. விபத்து மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

முதல் இரண்டும் அவர் தேடிப் போனவை. மற்றவை எல்லாம் அவரைத் தேடி வந்தவை. போனைக் குறை என்று இவரிடம் சொன்னால் எதைக் குறைப்பார்? மகனின் குரலையா, மீன் விலையையா? குறைக்க வேண்டியது போனை அல்ல, இப்படித் தேடி வருபவற்றைக் கொட்டும் ஃபீட்டை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி மணிக்கணக்கில் அளக்கும் நமது வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே இந்த இதழில் நாம் சொல்ல வந்தது. எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்ற கேள்வியை விட, பார்த்ததில் எதைத் தேடிப் போனீர்கள், எது தேடி வந்தது என்ற கேள்வி நமக்குக் கூடுதலாகச் சொல்லும்.

தேடி வருவது எப்படி வருகிறது என்பது நமக்குப் புதிய பாடமும் அல்ல. எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் ஒரு செயலை விடாமல் செய்கிறோம் என்று ஸ்கின்னரின் பரிசோதனைகளில் படித்திருக்கிறோம். பக்கத்தின் அடி வராமலே ஓடிக்கொண்டிருக்கும் திரையை ஏசா ராஸ்கின் 2006இல் வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் அல்கோரிதம் பரிந்துரைத்தவற்றிலேயே கழிகிறது என்று 2018இல் அந்நிறுவனமே சொன்னது. ஆகவே சல்லித் தாய்க்கு மனவலிமை போதவில்லை என்று கோப்பில் எழுதுவதில் அர்த்தமில்லை. அவருக்கு எதிரே இருப்பது ஒரு தொழிற்சாலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சமூக ஊடக அடிமைத்தனம் என்று ஒரு நோய், நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-11இலும் இல்லை, டிஎஸ்எம்-5இலும் இல்லை. ஐசிடி-11இல் இருப்பது விளையாட்டுக் கோளாறு. டிஎஸ்எம்-5 இணைய விளையாட்டை மேலும் ஆராய வேண்டியதாக மட்டுமே குறித்து வைத்திருக்கிறது. பாடசாலைகளுக்குப் போய்ப் பேசும்போது அந்த நோய்ப் பெயரைப் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டிவிட்டு வருவது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. நிறுத்துவோம்.

ஃபீட் தனி மனிதரின் நித்திரையை மட்டும் கெடுப்பதில்லை என்பதைக் கிழக்கு மாகாணம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் காணொளி ஒன்று பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வில் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த வாரமே கண்டிப் பக்கத்துத் திகனவில் கலவரத் தீ பரவியது. மார்ச் 7 முதல் சுமார் ஒரு வாரம் நாட்டில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. அக்காலத்தில் அந்தத் தளம் கோபக் குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக் குறியை விட ஐந்து மடங்கு எடை கொடுத்து வந்தது என்பது 2021இல் வெளியான உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. கோபப்பட வைக்கும் பதிவை மேலே தூக்கிவிடும் கணக்கு அது. கோபக் குறியின் எடையைப் பூச்சியமாக்கியது 2020 செப்டெம்பரில்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகச் சொல்லலாமே என்று தோன்றும். நானும் சில காலம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். தயங்க வைத்தது பொஸ்னியாவில் நடந்த ஓர் ஆய்வு. போருக்குப் பிந்திய, இனங்களாகப் பிரிந்து வாழும் நாடு. நமக்கு அந்நியமான கதையல்ல. 2019 ஜூலையில், ஸ்ரெப்ரெனிட்சாப் படுகொலை நினைவு நாளை ஒட்டிய ஒரு வாரம், ஒரு தொகுதியினரைப் பேஸ்புக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். மனநலம் சற்றுத் தேறியது, எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்ற இனத்தவர் மீதான மதிப்பு, தொடர்ந்து பேஸ்புக் பார்த்தவர்களை விட விலகியவர்களிடம் குறைவாக இருந்தது. தம் இனத்தவர் மட்டுமே சூழ்ந்த இடங்களில் வாழ்ந்தவர்களிடம் இது துலக்கமாகத் தெரிந்தது. திரையை விட்டு ஊருக்குள் திரும்பியவர்களுக்கு அங்கே கேட்டது ஒரே குரல்.

திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியை எட்டவில்லை. ஆனால் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஒரே சமூகம். சல்லியில் இருக்கும் ஒருவருக்கு மூதூரிலோ கந்தளாயிலோ இருக்கும் பழைய வேலைத்தோழரின் பிள்ளை பிறந்த செய்தி, நோன்புப் பெருநாள் படம், வெசாக் கூடு எல்லாம் பேஸ்புக் வழியாகத்தான் தெரிகிறது என்றால், அதை அறுத்துவிட்டு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? ஆட்களை வைத்துக்கொண்டு ஃபீட்டை மட்டும் விலக்கத் தெரிய வேண்டும். அது செய்யக்கூடியதுதான்.

கருவிகள் இருக்கின்றன. யூடியூபில் பார்த்தவற்றின் பதிவை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் 2023 முதல் முகப்புப் பக்கம் பரிந்துரை இன்றி வெறுமையாக நிற்கிறது. வேண்டியதைத் தேடி எடுக்க வேண்டியதுதான். பேஸ்புக்கில் நண்பர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் காட்டும் பக்கம் 2022இல் வந்தது. டிக்டொக்கில் ஃபீட்டை முதலிலிருந்து தொடங்கலாம், வேண்டாத சொற்களை வடிகட்டலாம். இவை எல்லாம் மெனுவுக்குள் மெனுவாக, பெரும்பாலான போன்களில் ஆங்கிலத்தில், மறைந்து கிடக்கின்றன. வாயால் சொல்லி அனுப்பினால் யாரும் தேடிப் பிடிக்கப் போவதில்லை. அமர்வில் அவர் கையிலுள்ள போனிலேயே, அவர் விரலாலேயே செய்ய வைக்க வேண்டும். அதற்கு முன் நாம் நம் போனில் ஒருமுறை செய்து பார்த்திருப்பது நல்லது. வழக்கு விவரங்களை வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு இரவிரவாக ரீல்ஸ் பார்க்கும் உளவளத்துணையாளர்கள் நம்மிடையே இல்லை என்று இந்த ஆசிரியர் சத்தியம் பண்ணத் தயாரில்லை.

பழக்கம் என்று வரும்போது வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே இறக்க முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஒரு தளத்துக்கு நாளொன்றுக்கு 10 நிமிடம் என்று 3 வாரம் கட்டுப்படுத்தியவர்களின் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. நல்ல செய்தி. ஆனால் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன் திரையை அணை என்ற வழக்கமான விதியைச் சல்லியில் யாரிடம் சொல்வது? இரவு கடலில், உறக்கம் பகலில், அதுவும் மீன்பாட்டைப் பொறுத்து. அதைவிடப் பெரியது பருவம். வாடை தொடங்கிக் கடல் குழம்பினால் கிழக்குக் கரையின் சிறு வள்ளங்கள் கரையேறிவிடும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை, போன் இருக்கிறது. சோழகக் காலத்தில் நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம் பார்த்தவர் மாரியில் ஐந்து மணி நேரம் பார்த்தால், பழக்கம் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் காலண்டரைப் பாருங்கள்.

மாரிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகத்தான் கரை கடந்தது. மாரியில் மட்டுமல்ல, 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது சுனாமி எச்சரிக்கையில் கரையோரம் முழுவதும் உள்ளே ஓடியது. இப்படிப்பட்ட ஊரில் எச்சரிக்கைச் செய்தி உயிர் காக்கும் பொருள். ஃபீட்டோ நேர வரிசையில் ஓடுவதில்லை. மூன்று நாளுக்கு முந்திய புயல் வரைபடத்தை இப்போது வந்ததுபோல் முன்னால் வைக்கும். வேறு நாட்டு அலையை நம் கரை என்று காட்டும். எனவே கடல் பற்றிய செய்தியை எப்போதும் தேடிப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்பது சல்லிக்கு முதல் பழக்கமாக இருக்கட்டும்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. இதைச் சொன்னால் மீனவர்கள் காது கொடுப்பார்கள். நித்திரை கெடும், கண் கெடும் என்ற நமது வழமையான பிரசங்கத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

டிசம்பர் 26ஐ அண்டி ஃபீட்டுக்குள் அலைக் காணொளிகள் வந்து கொட்டும். மே மாதத்தில் போரின் கடைசி நாட்களின் படங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் கேட்காமலே, தானாக ஓடத் தொடங்கும் காணொளியில் அந்தத் தண்ணீரைத் திரும்பப் பார்க்கிறார். நினைவுகூர விரும்புபவர் கோயிலுக்குப் போகலாம், கடற்கரையில் விளக்கேற்றலாம், படத்தைத் தானே எடுத்துப் பார்க்கலாம். அது அவர் தெரிவு. இது அப்படியல்ல. நவம்பரிலேயே இத்தகையவர்களோடு உட்கார்ந்து காணொளி தானாக ஓடுவதை நிறுத்தி, பேஸ்புக் நினைவூட்டல்களில் குறிப்பிட்ட திகதிகளை மறைத்து வைப்பது சிறு வேலை. நமது ஆண்டுத் திட்டங்களில் இதற்கு ஒரு வரி இருப்பதை நான் இதுவரை கண்டதில்லை.

பழக்கத்தைக் கட்டுவதற்கு 21 நாள் போதும் என்ற கதையையும் விட்டுவிடலாம். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறினால் குடி முழுகிப்போகவும் இல்லை. முக்கியம், ஏற்கனவே அன்றாடம் நடக்கும் ஒன்றோடு புதியதைக் கட்டிவிடுவது. மகனுக்குப் பதில் சொன்ன கையோடு போன் சார்ஜில். சார்ஜர் அடுக்களையில் வேண்டாம், முன் அறையில். கரையில் வலை சீர்செய்யக் குந்தும்போது போன் ஒருவர் பையில், பாட்டு மட்டும். இவற்றை நாம் எழுதிக்கொடுப்பதை விட அவர்களே சொல்ல வைப்பது மேல். காசின் பக்கத்தையும் விசாரிக்க வேண்டும். சமூக ஊடகங்களுக்கென்று தனியாக விற்கும் டேட்டாப் பொதியைப் போட்டவருக்கு டிக்டொக் பார்ப்பது செலவில்லாதது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறப்பதுதான் செலவு. அடுத்த ரீலோடுக்கு எந்தப் பொதி என்பதும் அமர்வில் பேசப்பட வேண்டிய விடயம்.

கடைசியாக, நாம் கவனிக்கத் தவறும் ஒன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடக்குறிப்புகள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது பல வீடுகளில் ஒரே போன்தான் இருந்தது. இன்றும் ஒரு போனைத் தாயும் மகளும் தம்பியும் மாறிமாறிப் பாவிக்கும் வீடுகள் இருக்கின்றன. ஒரே கணக்கு, ஒரே ஃபீட். மகள் இரவில் தனியே தேடியதைப் போன்றவை அடுத்த நாள் தாயின் கண்ணில் படும். தகப்பன் ஒருமுறை நின்று பார்த்த காணொளியின் உறவுகள் பதினொரு வயதுப் பையனிடம் வரும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று தட்டச்சு செய்த பிள்ளையின் இரகசியத்தை வீட்டுக்குச் சொல்வது நாமல்ல, அல்கோரிதமாக இருக்கலாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கச் சொல்லும்போது அந்த அழைப்பும் அதே போனின் பட்டியலில் பதியும் என்பதை யோசித்திருக்கிறோமா? அடுத்த இதழில் இரகசியம் பேணல் பற்றிய நமது வழிகாட்டலைத் திருத்தி வெளியிட இருக்கிறோம். அதுவரை முதல் அமர்வின் படிவத்தில், பெயர், வயது, முகவரிக்குக் கீழே இரண்டு கேள்விகளைக் கையாலாவது எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தப் போன் யாருடையது? இதை வேறு யார் யார் பார்க்கிறார்கள்?