தீயும் காப்பும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி மழைவளம் குன்றிய கரிசல் நிலத்து ஊர். உழவை மட்டுமே நம்பி வாழ இயலாத மக்கள் அங்கு நெருப்பையே தொழிலாகக் கொண்டனர். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தனர். அவர்கள் இட்ட வித்தே பின்னர்ப் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது. நெருப்போடு நாளும் பழகும் இம்மக்கள், அணு உலைகளைப் பற்றி எண்ணிப் பார்க்கத் தனித் தகுதி உடையவர் எனலாம். இரண்டிடத்தும் எழும் வினா ஒன்றே: ஆற்றலை அடக்கிக் காப்பது மனிதனின் விழிப்பா, பொருளின் அமைப்பா?

இதற்குத் தீக்குச்சியே ஒரு விடை கூறும். முற்காலத் தீக்குச்சியில் வெண்பாஸ்பரஸ் இருந்தது. அது எதில் உரசினும் பற்றும். அதனைச் செய்தோரின் தாடை எலும்பையும் அரிக்கும். இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. இன்றைய குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரசும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஆதலால் பெட்டியில் உரசினாலன்றிக் குச்சி எளிதில் பற்றுவதில்லை. இக்காப்பு அறிவுரையால் வந்ததன்று, அமைப்பால் வந்தது.

அணு உலைகளும் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. யுரேனியக் கரு பிளவுறும்போது வெளிப்படும் நியூட்ரான்கள் வேறு கருக்களைப் பிளக்கின்றன. இத்தொடர்வினை நிகழ, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் பொருள் பெரும்பாலான உலைகளுக்கு வேண்டும். கூடங்குளத்தில் 2013ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய உருசிய வகை உலையில் நீரே வேகத்தைத் தணிக்கிறது. நீரே வெப்பத்தையும் ஏந்திச் செல்கிறது. நீர் ஆவியாகிக் குறையுமாயின் தொடர்வினையும் தானே தளரும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் வெடித்த செர்னோபில் உலையின் இயல்பு இதற்கு மாறானது. அங்கு வேகத்தைத் தணித்தது கிராபைட். நீரோ நியூட்ரான்களில் ஒரு பகுதியை விழுங்கிவந்தது. அந்நீர் ஆவியானபோது தொடர்வினை தளராமல் ஓங்கியது. வினையை நிறுத்த இறக்கிய கோல்களின் நுனியிலும் கிராபைட் இருந்தமையால், அவையும் முதற்கண் வினையை வளர்த்தன. காக்க வந்த கருவியே கேடு செய்தது! உலையை இயக்கியோர் பிழை செய்தனர் என்பது மெய்யே. ஆயினும் மனிதன் பிழை செய்வான் என்பதை எண்ணி அமைக்கப்படாமையே பெரும்பிழை.

தொடர்வினை நின்றாலும் உலையின் வெப்பம் உடனே அடங்குவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது, இயங்கிக்கொண்டிருந்த கனநீர் உலை தீங்கின்றி நிறுத்தப்பட்டது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் ஜப்பானின் புகுசிமாவிலும் உலைகள் நின்றன. ஆனால் கடல்நீர் புகுந்து மின்னாக்கிகள் பழுதுற்றமையால், எஞ்சிய வெப்பத்தைத் தணிக்க வழியின்றி எரிபொருள் உருகியது. கூடங்குளத்து உலையிலோ, மின்சாரம் அற்றபோதும் காற்றின் இயல்பான ஓட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. எரிபொருள் உருகி வழிந்தால் அதனைத் தாங்கும் கலமும் அடியில் உண்டு.

எனினும் குறையற்ற உலை என ஒன்றில்லை. கல்பாக்கத்தில் கட்டப்பட்ட வேக ஈனுலையில் வெப்பத்தை ஏந்துவது உருகிய சோடியம். மிகுந்த அழுத்தமின்றியே அது வெப்பத்தைச் சுமக்கும். ஆனால் காற்றுப் பட்டால் எரியும். நீர் பட்டால் கடுமையாக வினைபுரியும். ஒன்றைப் பெற ஒன்றை இழப்பதே உலை அமைப்பின் இயல்பு.

அமைப்பு மட்டும் போதுமா எனின், போதாது என்று சிவகாசி கூறும். ஓர் அறை வெடித்தால் மற்றோர் அறை தப்புமாறு பட்டாசு ஆலையின் அறைகள் தள்ளித் தள்ளிக் கட்டப்படுகின்றன. மருந்தைக் கையாளும் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் ஆகாது என்பதும் விதி. ஆயினும் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் விபத்துகள் ஓய்ந்தபாடில்லை. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் ஏழையின் கை விரைகிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஆட்களும் மருந்தும் ஓரிடத்தில் குவிகின்றன. அப்போது அறைகளின் இடைவெளி வெறும் கோடாகிவிடுகிறது.

ஆகவே நல்ல அமைப்புக்கு அஞ்சாத கண்காணிப்பும் துணை வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்குப் போதிய தற்சார்பு இல்லை என 2012ஆம் ஆண்டிலேயே நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். ஆய்வு செய்வோர், ஆய்வு செய்யப்படுவோரின் தயவில் இருத்தல் கூடாது. 2011ஆம் ஆண்டு முதல் இடிந்தகரையில் போராடிய மீனவர்களின் வினாக்களை அறியாமை என ஒதுக்குவதும் முறையன்று. கேட்கும் மக்களும் காப்பின் ஓர் உறுப்பே ஆவர்.

எந்த உலை சிறந்தது என்று மட்டும் வினவுதல் போதாது. எல்லாம் கைவிட்ட நிலையில் அது எவ்வாறு நடந்துகொள்ளும், அதனைக் காவல் காப்போரைக் காவல் காப்பவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். சிவகாசித் தாய் ஒருத்தி, காலையில் வேலைக்குச் சென்ற மகள் மாலையில் வீடு திரும்பும் வரை வாயிலை நோக்கி இருக்கிறாள். அவள் அச்சத்தைப் போக்கும் காப்பே காப்பு.