பிள்ளை பிறந்ததும் தீர்ந்துவிடுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பேறுகாலத்தில் கால் வீங்கி, நீரில் உப்பு இறங்கி, இரத்த அழுத்தம் ஏறுவதை நம் பக்கத்துப் பெண்கள் நன்கறிவர். வலிப்பும் வந்துவிட்டால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு திரும்பினால், கண்டம் தாண்டியதென்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அப்படி மறக்கலாகாது என்பது என் கருத்து.

சரிவர வேரூன்றாத நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் குருதியில் கலக்கும் பொருள்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. 20 வாரத்துக்குப் பின் அழுத்தம் 140/90 ஆகவும் அதற்கு மேலும் ஏறுவது இதனால்தான். நஞ்சுக்கொடி வெளியேறினால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அழுத்தம் இறங்கும். ஆயினும் இவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நிலையான இரத்த அழுத்தமோ மூன்று மடங்குக்கும் மேல். 2011இலேயே அமெரிக்க இதயச் சங்கம் இதனைப் பெண்களின் இதய நோய்க் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

என் தாயார் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூலித் தொழிலாளி. என்னைப் பெற்றபோது ஜன்னி கண்டு பிழைத்தவர். அதன்பின் தலைச்சுற்றலுக்கெல்லாம் சுக்குக் கஷாயமே மருந்து. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அந்த உரிமையில் சென்ற ஆண்டு கட்டாயப்படுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அழுத்தம் 170! மாத்திரை கிடைத்தது. முந்தைய பேறு எப்படி என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. (நிறுத்திய கருவாட்டுக்காக அம்மா இன்னும் என்னோடு சண்டை.)

2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மருந்து தருகிறது. நல்ல திட்டம். ஆனால் விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே பூப்பாறைத் தோட்டங்களுக்குப் போய், இருட்டியபின் திரும்பும் பெண்ணை எந்தப் பகலில் தேடுவது? தேசியத் திட்டத்தின் பரிசோதனையோ 30 வயதில்தான் தொடங்குகிறது. 21 வயதில் ஜன்னி கண்டவள் ஒன்பதாண்டு காத்திருக்க வேண்டுமா?

தாய் சேய் நல அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறது. தடுப்பூசி முடிந்ததும் அது பரணில் ஏறிவிடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் அந்தப் பெயர்களைத் தனியே குறித்து, ஆண்டுக்கொரு முறை அழுத்தம் பார்த்தால் போதும், பெருஞ்செலவில்லை. ஜீப் நிற்குமிடமும் கிட்டங்கி வாசலும் அதற்கு ஏற்ற இடங்கள்.

நம் நாட்டுநலப் பணித் திட்ட முகாமை அடுத்த முறை கிட்டங்கித் தெருவில் நடத்துமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன். ‘பிள்ளை பெத்தப்போ பிரஷர் இருந்துச்சா அக்கா?’ என்று கேட்டு எழுத நான் வருகிறேன்.