கைமாறி வரும் பாய்லர்: எங்கள் கழகத்தின் நிலைப்பாடு

மூன்றரை அங்குல, ஐந்து அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் சிறுரக நீராவி ரயில் எஞ்சினை விலைக்கு வாங்கிக்கொண்டு எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை நம்பி நெருப்புப் போடலாமா?" பெரும்பாலும் அது ஒரு பெரியவர் காலமானபின் அவர் வீட்டார் விற்ற எஞ்சினாக இருக்கும். கட்டியவர் இல்லை. வரைபடம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வண்ணமும் பித்தளைப் பளபளப்பும் மட்டும் குறைவில்லாமல் இருக்கும். இங்கிலாந்தில் இயங்கும் ஒரு மாடல் எஞ்சினியரிங் கழகம் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு எங்கள் பதிலை இங்கே பதிவு செய்கிறோம்.

படத்தைப் பார்த்தோ விற்பவர் பேச்சைக் கேட்டோ எந்த பாய்லருக்கும் நற்சான்று தர மாட்டோம். பழைய சோதனைச் சான்றிதழ் இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அது சோதித்த நாளின் நிலைக்கு மட்டுமே சாட்சி. நீராவிச் சோதனைச் சான்று 14 மாதம்தான் செல்லும். தண்ணீர் அழுத்தச் சோதனையைச் செம்பு பாய்லருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். எஃகுக்கு இரண்டே ஆண்டுதான், ஏனென்றால் எஃகு கண்ணுக்குப் படாத உட்புறத்தில் துருவால் குழிவிழுந்து மெலியும்.

"அழுத்தம் ஏற்றினோம், தாங்கியது, ஆகவே சரி" என்ற வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை. ஓட்டும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை குளிர்ந்த தண்ணீரை ஏற்றிப் பார்ப்பது அவசியம்தான். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது என்பதால், இணைப்பு விட்டாலும் பீச்சியடித்து அடங்கிவிடும். காற்றை ஏற்றிச் சோதிப்பதோ வெடிகுண்டுக்கு எதிரில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதுபோல. அதை எங்கள் வளாகத்தில் அனுமதிக்க மாட்டோம். ஆனால் அந்த பாய்லரை எவ்வளவு அழுத்தத்தில் ஓட்டலாம் என்பதைச் சொல்வது கணக்கு. நெருப்புப் பெட்டியின் பக்கத் தகடு நான்கு அங்குலத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் அந்தச் சிறு தகட்டின்மேல் 2000 பவுண்டு, அதாவது 900 கிலோவுக்கு மேல், விழுகிறது. உருளையான உடல் தன் வடிவத்தாலேயே தாங்கும். தட்டைத் தகட்டுக்கோ குறுக்கே போகும் ஸ்டே கம்பிகள்தான் கதி. ஆகவே கம்பியின் தடிமன், கம்பிக்குக் கம்பி இடைவெளி, தகட்டின் கனம் ஆகியவற்றை அளந்து கணக்கிட்ட பிறகே பம்பைத் தொடுவோம். கணக்கு இடங்கொடுக்காவிட்டால் ஓட்டும் அழுத்தத்தைக் குறைப்போம், அல்லது நிராகரிப்போம்.

பற்றாசு விஷயத்தில் எங்களுக்குப் பிடிவாதம் அதிகம். தகடுகள் வெள்ளிப் பற்றாசால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். 'மாடல் எஞ்சினியர்' இதழில் எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் எழுதியவரின் வழியில் கட்டிய பழைய பாய்லர்களில், மரையிட்ட ஸ்டே கம்பிகளின் தலையில் ஈயப் பற்றாசு பூசியிருக்கும். அங்கே பலம் மரையில் இருக்கிறது. ஈயம் கசிவை அடைக்க மட்டும். அதைக் குறை சொல்ல மாட்டோம். தகடுகளின் இணைப்பிலேயே ஈயம் தென்பட்டால் கதை வேறு. சாதாரண ஈயப் பற்றாசு 183 டிகிரியில் இளகத் தொடங்கும். 100 பவுண்டு அழுத்தத்தில் பாய்லருக்குள் வெப்பம் 170. இடையே இருப்பது 13 டிகிரி. அதோடு, ஈயம் பட்ட இடத்தில் பிறகு வெள்ளிப் பற்றாசு ஒழுங்காகப் பிடிக்காது. யாரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் கசிவுக்கு வைத்த ஒரு சொட்டு, நல்ல பாய்லரைப் பழுதுபார்க்கவே முடியாததாக்கிவிடும். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். வெண்ணெய்போல் வெட்டுப்பட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

பழைய எஞ்சின்களில் வெளித்தகட்டுக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்க வாய்ப்புண்டு. பிரிட்டனில் அதற்கு முழுத்தடை வந்ததே 1999-இல்தான். எங்களிடம் கொண்டுவரும் அவசரத்தில் அதை நீங்களே பிய்க்க வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனையில் தேறிய பாய்லர், நெருப்பின்மேல் தேற வேண்டும். முழு நெருப்பும் புளோயரும் ஓட, ரெகுலேட்டரை மூடிவைத்தாலும், சேஃப்டி வால்வுகள் அழுத்தத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறவிடக் கூடாது. கேஜ் எங்கள் சரிபார்த்த கேஜோடு ஒத்துப்போக வேண்டும். தண்ணீர் மட்டக் கண்ணாடியின் துவாரங்கள் அடைபட்டிருந்தால், இல்லாத தண்ணீரை அது காட்டும். 2001-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் மெடினா கண்காட்சித் திடலில் பழைய நீராவி டிராக்டர் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே தண்ணீர் குறைந்து, நெருப்புப் பெட்டியின் மேல்தகடுதான் விட்டுக்கொடுத்தது. நம்முடையது அளவில் மிகச் சிறியது. ஆனால் அதை ஓட்டுபவர் முகம் அதற்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது.

சோதிப்பவர்கள் சம்பளமில்லாத உறுப்பினர்கள். காரணம் சொல்லி மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கொடுத்த விலையைச் சொல்லி அவர்களை யாரும் நெருக்கக் கூடாது. விற்கும் குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்: சோதிக்காததைச் "சோதிக்காதது" என்றே எழுதி விற்றுவிடுங்கள், விலை சற்றுக் குறைந்தாலும்.

நிராகரித்த எஞ்சினைக் காட்சிக்கு வைக்கலாம். சக்கரம் சுழல வேண்டுமென்றால் குறைந்த அழுத்தக் காற்றை நேரே சிலிண்டருக்குக் கொடுங்கள். பாய்லரில் நிரப்பிக் கொடுக்கக் கூடாது.